சனிக்கிழமை அடுப்பு

ஜூன் 7, சனி

பம்பு நின்றுவிட்டது. எனக்குத் தெரியாது. இன்று லீவு, அறையில் படுத்திருந்தேன். முதலாளி யோசேஃப் வெள்ளைச் சட்டையோடு வந்து வாசலில் நின்றார்.

இந்தப் பாலைவனத்தில் இது ஒரு சின்ன யூத ஊர். பேரீச்சந்தோப்பு, கோயில், கொஞ்சம் வீடுகள். தோப்பில் மோட்டாரும் குழாயும் என் வேலை. எல்லாரும் பயங்கர பக்தி. சனிக்கிழமை மதச் சட்டப்படி ஓய்வு; சுவிட்சைத் தொட மாட்டார்கள், வண்டி எடுக்க மாட்டார்கள், அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள். யோசேஃபின் அம்மா கொச்சியிலிருந்து வந்து குடியேறியவராம். அந்த வீட்டு மலையாளம் அவரிடம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. என் தமிழும் அதுவும் இங்கிலீஷும் கலந்து எப்படியோ ஓடுகிறது.

"மரத்துக்கெல்லாம் தாகம்போல," என்றார்.

"மோட்டார் போடணுமா?"

தோப்புப் பக்கம் பார்த்தார்.

"போடவா வேணாமா? நேரா சொல்லுங்க."

"வெயில் ஜாஸ்தி," என்றார். போய்விட்டார்.

வரதனிடம் கத்தினேன். படாளம் ஊர்க்காரன், எனக்கு முன்பே இங்கே வேலைக்கு வந்தவன். "அவுங்க வாயால செய்யச் சொல்லவும் கூடாது மச்சான். வந்து நிப்பாங்க. நீயா புரிஞ்சிக்கினு செய்யணும்," என்றான்.

மோட்டார் சூடேறி ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆகியிருந்தது. ஆறவிட்டு ரீசெட் பண்ணினேன். பொத்தானை அமுக்குகிற வேலை. அதற்கு இவ்வளவு நாடகம்.

வீட்டுக்குப் போன் பண்ணி நைனாவிடம் சொன்னேன். சிரிக்கிறார்.

"அப்ப சோறு?"

"வெள்ளிக்கெழமயே ஆக்கி, கரண்ட் தட்டு மேல ஏத்தி வெச்சிடுவாங்க. அது பாட்டுக்கு சூடா இருக்கும்."

"ஏய் ஜெகதா, கேட்டியா? சனிக்கெழம அடுப்பே பத்த வைக்க மாட்டாங்களாம். நீ அங்க வாக்கப்பட்டிருக்கலாம்."

பின்னால் பாத்திரம் உருளும் சத்தம். அம்மா போனுக்கு வரவில்லை. தை மாதம் நான் பிளேன் ஏறியதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. போகாதே என்றாள். போனேன். அதுதான் விஷயம்.

ஜூன் 10, செவ்வாய்

சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைப்பு. ஆசிட் விட்டுக் கழுவினேன். அம்மா இன்றும் போனுக்கு வரவில்லை.

ஜூன் 13, வெள்ளி

விடியும் முன்பே சைரன், சண்டை மூண்டுவிட்டதாம். எல்லாரும் கான்கிரீட் அறைக்குள் ஓடினோம். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். எப்போது திறப்பார்கள் என்று தெரியாது. மதியம் பார்த்தால் யோசேஃபின் மனைவி ரிவ்கா, ஒன்றுமே நடக்காத மாதிரி, நாளைக்கான குழம்பைக் கரண்ட் தட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 14, சனி

நைனா செத்துட்டாரு.

தம்பி கிஷோர்தான் போன் பண்ணினான். கரையில் வலை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே.

பெரிய பையன் நான். கொள்ளி நான் வைக்கணும். பிளேன் இல்லடா என்றேன். "இல்லன்னா இன்னாண்ணே அர்த்தம்?" என்கிறான். இல்லன்னா இல்ல. வேற இன்னா சொல்றது?

அம்மாவிடம் கொடு என்றேன். "வேணான்றாங்க."

அழுகை வரவில்லை. ஏன்?

ஜூன் 15, ஞாயிறு

கிஷோர் கொள்ளி வைத்தான். வீடியோ காலில் பார்த்தேன். நடுவில் கட்டாகிவிட்டது. திரும்பப் போடவில்லை.

மாலை, அறையில் தரையில் உட்கார்ந்து ஒரு வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டாமல் யோசேஃப் நுழைந்தார். பின்னால் ரிவ்கா, அப்புறம் தாடியும் தொப்பியுமாக இன்னும் சிலர். வரதன் சொல்லியிருக்கிறான். வணக்கம்கூட இல்லை. பழக்கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ரிவ்கா அவித்த முட்டையும் பருப்பும் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் ஊர்ச் சாவு வீட்டில் தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வருவார்கள். இது பரீட்சை ஹால் மாதிரி இருக்கிறது. ஏதாவது சொல்வார்கள் என்று நானும் இருந்தேன். வால்வுக்கு வாஷர் போட்டு முடித்தேன். எழுந்து போய்விட்டார்கள்.

ஜூன் 16, திங்கள்

மறுபடி வந்தார்கள். மறுபடி முட்டை. மறுபடி அதே ஊமைக் கூட்டம்.

பொறுக்கவில்லை. "இன்னாத்துக்கு சும்மா வந்து குந்திகினு கீறீங்க? எதனா பேசுங்களேன்," என்றேன். தமிழில்தான்.

"அப்பாக்கு என்ன ஜோலி?" என்றார் யோசேஃப். உடனே. வாய்க்குள் தயாராக வைத்திருந்த மாதிரி.

மீன் என்றேன். எந்த மீன் என்றார் ஒருவர், யோசேஃப் மூலமாக. செதில் உண்டா என்றார் இன்னொருவர். செதில் இல்லாத மீன் இவர்களுக்கு ஆகாது. சங்கராவுக்கு உண்டு, கொடுவாவுக்கு உண்டு. சுறா தள்ளு. இறால், நண்டு தள்ளு. வஞ்சிரம்? அங்கே மாட்டிக்கொண்டேன். அதை நைனாவிடம்தான் கேட்கணும்.

நிறுத்த முடியவில்லை. சுறா வலையைக் கிழித்த கதையை நைனா சொல்கிற மாதிரியே நடித்துக் காட்டினேன். ரிவ்கா சிரித்தாள். நானும் சிரித்தேனா? தெரியவில்லை. தட்டு காலியாக இருந்தது.

பிறகு வரதன் விசாரித்துவிட்டு வந்தான். துக்கக்காரன் முதலில் வாய் திறக்கும்வரை வந்தவர்கள் பேசக்கூடாதாம். அதுவும் ஒரு சட்டம். துக்கக்காரன் தாழ உட்காருவதும் சட்டமாம். "கரெக்டா தரையில உக்காந்திருந்தியே, யாரு சொன்னாங்கன்னு யோசேஃபு கேக்குறாரு," என்றான்.

வால்வுக்காக உட்கார்ந்தேன் என்று சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

விமான நிலையம் இன்னும் திறக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி. திருவிடந்தை

பிளேன் கிடைத்தது. யோசேஃப் ஒரு மாதம் லீவு கொடுத்திருக்கிறார். நான் எங்கள் வீட்டு வாசலில் நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

கருமாதி. மொட்டை அடித்துக்கொண்டேன்.

எல்லாரும் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன். "பிளேன் இல்லன்னு டிவில பார்த்தீல்ல?" அம்மா பாயைச் சுருட்டினாள். "நான் இன்னாம்மா பண்ணட்டும், நீந்தியா வர்றது?" பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்தாள். "திட்டவாவது திட்டேன்."

கிஷோர் என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தான். "அண்ணே, ஒயர்ல டெஸ்டர் வெக்கிற மாதிரி குத்திகினே கீற நீ. வுடு."

ஜூலை 2, புதன்

மத்தியானம் அம்மா வீட்டுப் பின்புறம் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். போய் எதிரே தரையில் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது, நின்றது. அவள் தலைக்கு மேல் பல்பு ஹோல்டர் ஒற்றை ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிபண்ணக் கை பரபரத்தது. எழவில்லை. வெயில் நகர்ந்து என் கால்மேல் வந்தது.

"அந்த ஊர்ல," என்றாள் அம்மா. என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துத்தான். "மெய்யாலுமே சனிக்கெழம அடுப்பு பத்த வைக்க மாட்டாங்களா? உங்க நைனா கரையில கீற அத்தினி பேராண்டயும் அதையே சொல்லிகினு திரிஞ்சாரு."

"ஆமாம்மா."

அம்மா சுவர்ச் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள்.

"அப்ப சோறு?"

வெள்ளிக்கிழமைச் சமையலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.