நாக்பூர் போயிருக்கும் இடது கை

ராசப்பா,

நீ நாளைக் காலை சேரப்போகும் உடற்பயிற்சிக் கூடத்தில் இன்று இருந்தவர்கள்: வாத்தியார் நாச்சிமுத்து, ஸ்பேனரோடு ஒரு மெக்கானிக், நான்.

அங்கே தூக்குவதெல்லாம் லாரி உதிரிபாகம். வாத்தியார் தலைக்கு மேல் தூக்கிய ஆக்சிலை, வெளியே வண்டி நிற்கிறது என்று மெக்கானிக் வாங்கிக்கொண்டு போய்விட்டான். வாத்தியாரின் வலது கை தொடை மாதிரி இருக்கிறது, இடது கை உன் கை மாதிரி. ஏன் என்று கேட்டேன்.

"இடது கைக்குத் தூக்குற பல்சக்கரம் லாரியில நாக்பூர் போயிருக்குதுங்க. வந்ததும் இந்தக் கையையும் ஏத்திப்போடலாமுங்க."

போலீஸ் தேர்வுக்கு இன்னும் எட்டு நாள்தான். அங்கே பாதி மார்பை மட்டும் அளக்க மாட்டார்கள்.

அடுப்பில் முட்டைக் குழம்பு இருக்கிறது. நான்கு முட்டையும் உனக்குத்தான். நேற்று உன்னை ஓணான் என்று சொன்னதில் மாற்றமில்லை.

அண்ணன்

மறந்துவிட்டேன்: நைட் ஷிப்ட் முடிந்து நான் வர ஏழு மணியாகும். அதுவரை நீ அந்தக் கூடத்தில் போய்ச் சேரக் கூடாது. கொல்லைக் கதவு திறந்திருக்கிறது, சுவர் ஏழடி. அதை ஏறிக் குதித்துவிட்டால் உனக்கு வாத்தியாரே தேவையில்லை. தூங்குகிற உன்னை உள்ளே வைத்து வாசல் கதவைப் பூட்டிவிட்டுத்தான் இந்தச் சீட்டை அடியில் தள்ளுகிறேன்.