ரெண்டு ஷிப்டு தூரம்

ஐப்பசி 9, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். துணி காயல. அவரு லுங்கி கொடியில அப்படியே. எடுக்க மனசில்ல.

பெரிய மாமா தூக்குப்போசியில சோறு கொண்டாந்தாரு. எங்க ஊட்டுக்காரருக்குக் கூடப்பொறந்த அண்ணன். மகன் கதிர் இன்னிக்கும் தொடல. "நான் வர்றதுக்குள்ள எங்கப்பாவ எடுத்துட்டுப் போனவரு ஊட்டுச் சோறு எனக்கு வேண்டாம்."

மாமா என்னைப் பார்த்தாரு. "பையன் பசியா இருப்பான் அம்மிணி, நீயாச்சும் ஊட்டி உடு." அவ்வளவுதான். என்னைக் காட்டிக் கொடுக்கல. நானும் வாயத் தொறக்கல.

ஐப்பசி 10, திங்கள்
மழை இல்ல. கம்பெனியிலிருந்து போன். வியாழன் வர்றேன்னுட்டேன்.

எழுதி வெச்சாவது தீரட்டும். போன செவ்வா சாயங்காலம் அவரு மூச்சு நின்னுது. ஏழு மணிக்கு எத்தியோப்பியாவுக்கு, அடிஸ் அபாபாவுக்குப் போன். கதிர் அங்க பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். அழுதுட்டே சொன்னான், "ரெண்டு ஷிப்டுல வந்தர்றேனுங்கம்மா. அப்பாவ வெச்சிருங்க."

நான் இங்க பனியன்ல பிசிர் நூலு வெட்டற ஆளு. பகல் வேலை மட்டும். எனக்கு ஒரு ஷிப்டுன்னா ஒரு நாளு. அவனுக்கு எட்டு மணி நேரம்.

ரெண்டு நாளாகுமாம்னு மாமாகிட்டச் சொன்னது நாந்தான். பக்கத்து ஊட்டு மேரி, தூத்துக்குடிக்காரி, அவளும் சொன்னா: "நாலாயிரம் கிலோமீட்டராம்லாக்கா. பிளேன் என்ன மினிபஸ்ஸா, கையக் காட்டுனா நிக்கதுக்கு?" அப்ப மாமா, "ரெண்டு நாளெல்லாம் தாங்காது அம்மிணி, காலைல எடுத்தரலாம்." தலையாட்டினேன்.

புதன் காலைல ஒம்பதுக்கு எடுத்தாங்க. பதினொண்ணுக்கு கதிர் பையோட வாசல்ல. பாம்பேயிலிருந்து ஏழு தடவ கூப்பிட்டிருக்கான். என் போன் அரிசி டப்பா மேல, சார்ஜ் இல்லாம.

எத்தன மணிக்கு வருவேன்னு நான் அவன ஒரு வார்த்த கேட்டிருந்தா.

ஐப்பசி 11, செவ்வாய்
ஒரு வாரம் ஆச்சு. நாளைக்கு கதிர் கெளம்பறான்.
ஊத்துக்குளி நெய் ஒரு பாட்டில்.
பருப்புப்பொடி.
அவரு வாச்சு.

பையில வெக்கறப்பச் சொல்லிட்டேன். "கண்ணு, பெரியப்பா மேல தப்பில்ல. நாந்தான்." ஷிப்டு கணக்கையும் சொன்னேன். ஜிப்பு சிக்கிக்கிச்சு. அதையே இழுத்துட்டிருந்தான். ராத்திரி தோசை ரெண்டோட எந்திரிச்சுட்டான்.

ஐப்பசி 12, புதன்
வெயில். மத்தியானம் போயிட்டான். காரை மாமா ஊட்டு முன்னால நிறுத்தி, உள்ள போயி சோறு தின்னுட்டுத்தான் போனானாம். மேரி பாத்தாளாம். எங்கிட்ட "வர்றேனுங்கம்மா"ன்னதோட சரி.

கொடி லுங்கிய எடுத்து மடிச்சேன்.

அஞ்சரைக்கு கோயமுத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து போன். "பேனா எடுங்கம்மா. எழுதிக்குங்க."
ஆறு மணிக்குப் பிளேன்.
பாம்பே எட்டு.
அங்க ஒம்பது மணி நேரம் காத்திருக்கோணும்.
அப்பறம் அஞ்சு மணி நேரம்.
நாளைக்குக் காலைல நம்மூர் கடியாரத்துல பத்துக்கு எறங்குவான்.

"பதினாறு மணி நேரமுங்கம்மா. எழுதிட்டீங்களா? பதினாறு."

ரெண்டு தடவ சொன்னான். ஷிப்டுன்னு சொல்லவே இல்ல.