ரூஃபஸின் மூட்டுவலி

வெஸ்ட் வர்ஜீனியா,
செவ்வாய்க்கிழமை

அன்பான அக்கா,

நான் உடம்பு இளைக்கக் கிளம்பி நாலு பவுண்டு கூடியிருக்கிறேன். சிரித்துக்கொள்.

சுகாதார அலுவலகத்தில் என் வேலைதான் உனக்குத் தெரியுமே. போதையாகிவிடும் வலி மாத்திரைகளை வாங்கியவர்கள் பட்டியலையும் அதனால் செத்தவர்கள் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. கால்நடை மருத்துவர்கள் எழுதும் சீட்டும் அதில் வரும். நேற்று பக்கத்து மேஜை டெல்மர் சிரித்தான். "இங்க பாரும்மா, ஒரு நாய் போன மாசம் மட்டும் நாலு டாக்டரப் பாத்து மாத்திரை வாங்கியிருக்கு. உன்னைவிட மூட்டுவலி ஜாஸ்தி போல."

நானும் சிரித்தேன். நாயின் பெயர் ரூஃபஸ். முகவரி உன்னுடையது.

அவனைப் போன வருஷமே ஆப்பிள் மரத்தடியில் புதைத்தோம். குழி தோண்டிய என் இடுப்பு இன்னும் சரியாகவில்லை.

பட்டியல் வரும் திங்களன்று மேலதிகாரிகளிடம் போகும். உன் பெயரை நான் எடுக்கப்போவதில்லை. சனிக்கிழமை வருகிறேன், மாத்திரை அதிகமாகி மூச்சு நின்றால் மூக்கில் அடிக்கும் மருந்தோடு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கதவை மட்டும் திற. இன்னொரு குழி தோண்ட இந்த இடுப்பில் தெம்பில்லை.

உன் குண்டுத் தங்கை