ராணி உறுமியதற்கு நான் தேடிய காரணம்

என் அன்பு அப்பாவுக்கு,

ராணி நம் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. இதைத்தான் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. காதுப் புண் ஏறக்குறைய ஆறிவிட்டது. காலையில் பால்கனியில் வெயில் விழும் இடத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

இதைப் படிக்கிறவர்களுக்கு நடந்தது தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா போன பிறகு சேக்காட்டு வீட்டைக் காலி செய்துவிட்டு, திருமுல்லைவாயிலில் என் ஃபிளாட்டுக்கு வந்தீர்கள். கையில் ஒரு பெட்டி, அம்மாவின் பைபிள், பின்னாலேயே ராணி. தெருவில் குட்டியாகக் கிடந்ததை அம்மா எடுத்து வளர்த்த நாய் அது. என் மகள் ஷைனிக்கு அப்போது ஏழு வயது. ராணியை விட்டு நகரமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டபோது பல்லைக் காட்டி உறுமியது. அடுத்த வாரமும் அப்படியே. கடிக்கவில்லை. ஆனாலும் ஷைனியை இழுத்து அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். அன்றே போனில் தேடினேன். நாய் உறுமினால் அது தன்னை வீட்டுக்குத் தலைவனாக நினைக்கிறது, அடுத்து கடிதான், ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை சொன்னது. உங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன்.

நீங்கள் அதன் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டீர்கள். "அது தலைவர் ஆவறதுக்கு நிக்கலம்மா. எங்கியோ நோவு கீது. தொடாதன்னு சொல்லுது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? இது ஆராய்ச்சிப்பா."

ராணியின் முதுகிலிருந்து கையை எடுத்துக்கொண்டீர்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் லேத் மிஷின் ஓட்டி என்னைப் படிக்க வைத்தவர். அந்த வார்த்தையைப் போட்டால் நீங்கள் அடங்கிவிடுவீர்கள் என்று தெரிந்துதான் சொன்னேன், அப்பா.

திருநின்றவூரில் தன் வீட்டிலேயே பத்துப் பன்னிரண்டு நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மாவிடம் ராணியைக் கொண்டு போய் விட்டேன். நீங்கள் வண்டிவரை வந்து, கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு மேலே போய்விட்டீர்கள்.

அதன்பின் வாரத்தில் இரண்டு நாள், பழைய கம்பெனிச் சிநேகிதரைப் பார்க்கப் போவதாகக் கிளம்புவீர்கள். நல்லது, வெளியே போய் வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நான்காவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ரயில் நிலையப் படிக்கட்டில் சாய்ந்துவிட்டீர்கள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. பூ விற்கிற ஒருவர்தான் உங்கள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாராம். உங்கள் பையில் காகிதத்தில் சுற்றிய நாலு பொறை ரொட்டி இருந்தது. டீக்கு வாங்கியிருப்பீர்கள் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து உங்கள் போன் அடித்தது. திருநின்றவூர் அம்மா. "அய்யா வரவே இல்லியே, ஒடம்பு சரியில்லியா? வாரத்துக்கு ரெண்டு வாட்டி ராணிக்குப் பொறை வாங்கினு வந்துடுவாரே."

நீங்கள் பார்க்கப் போன அந்தச் சிநேகிதர் ராணிதான்.

மறுநாளே போய் ராணியை அழைத்து வந்து, அம்பத்தூரில் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். இடது காதின் உள்ளே ஆழமாகச் சீழ் பிடித்திருந்தது. நாள்பட்ட புண் என்றார். கழுத்தைக் கட்டிப் பிடித்தால் உயிர் போகிற வலி இருந்திருக்கும் என்றார். நான் அந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஆராய்ச்சியையே படிச்சீங்களா, இல்ல அதப் பத்தி யாரோ எழுதினதப் படிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அலுவலகத்தில் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதுதான் என் வேலை. ஆதாரம் காட்டாமல் ஒருவர் சொல்வதை நான் ஏற்றதில்லை. வீட்டில் மட்டும் எப்படி ஏற்றேன்?

அன்றிலிருந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளையே படிக்கிறேன். முதலில் முடிவை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுவேன். மருத்துவர்தான், எப்படிச் செய்தார்கள் என்ற பகுதியில் தொடங்கச் சொன்னார். எந்த நாய்கள், எத்தனை, எங்கே இருந்தவை? யார் பார்த்துக் குறித்தது? நாய் வளர்ப்பவர்கள் நினைவிலிருந்து சொன்னதா? எதோடு ஒப்பிட்டார்கள்? தலைவன் கதை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே வேலிக்குள் அடைத்து வைத்துப் பார்த்ததில் வந்து நின்றது. நம் ராணி ஓநாயும் இல்லை, வேலிக்குள்ளும் இல்லை. நீங்கள் சொன்ன வலியைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள், அப்பா. ஆனால் எல்லா உறுமலும் வலிதான் என்று அவர்கள் சொல்லவில்லை. நீங்களும் அப்படிச் சொல்லவில்லை. இந்த நாயைப் பார்த்து, இந்த நாயைப் பற்றி மட்டும் சொன்னீர்கள்.

படித்ததில் எனக்கு ஒரு தொல்லையும் வந்து சேர்ந்தது. ராணியை அனுப்பியதால்தான் நீங்கள் போனீர்களா? ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்தால், முதலாவதுதான் காரணம் என்று சொல்ல முடியாதாம். இதய அடைப்பு பல வருடமாக இருந்தது என்றார், ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்த டாக்டர். ராணியோடு வீட்டிலேயே இருந்த இன்னொரு நீங்கள் இருந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருப்பேன். எனக்கு இருந்தது ஒரே அப்பா. என்னைக் குற்றவாளி என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

போன வாரம் ராணிக்குக் காதில் மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். ஷைனி வாசற்படியிலேயே நின்றாள். கிட்டே வரவில்லை.

"நான் கட்டிப் பிடிச்சதாலதான தாத்தா செத்துட்டாரு?"

இத்தனை மாதமாக அதை மனதுக்குள் வைத்திருந்திருக்கிறாள், அப்பா. நான் ஆராய்ச்சிக் கட்டுரைகளோடு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து அறையில் ஒரு குழந்தை இதைச் சுமந்துகொண்டு தூங்கியிருக்கிறது. மருந்தைக் கீழே வைத்துவிட்டு அவளை மடியில் இழுத்துக்கொண்டேன்.

"இல்லடி. நீ ஆசையா கட்டிப் பிடிச்ச. ராணிய அனுப்பினது அம்மா. அதுக்கு நோவுன்னு தாத்தா சொன்னாரு, அம்மா கேக்கல."

மடியிலிருந்தே ராணியின் காதை எட்டிப் பார்த்தாள். பிறகு, "தாத்தாவுக்கு உன்மேல கோவமா?" என்றாள்.

தெரியாது என்றேன். ஏன் அப்பா, கோபமா?

அவள் இன்னும் பலமுறை கேட்பாள், வளர வளர வேறு மாதிரிக் கேட்பாள். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் அவளிடம் சொல்வேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள எதையும் மாற்றிச் சொல்லமாட்டேன். இந்தப் பாரத்தில் சிறிதுகூட அவள்மேல் விழாது. உங்களுக்கு இந்த வாக்கைத்தான் தர முடிகிறது.

உங்கள் மகளும்
உங்கள் பேத்தியின் அம்மாவுமான
ஜெசி