நிலை வைத்த நாள்

14-11-1989, செவ்வாய்

கோவில்பதாகையில் இவர் மேஸ்திரியாக நின்று கட்டும் வீட்டுக்கு இன்று வாசல் நிலை வைத்தார்கள். சாப்பாடு கொடுக்கப் போன நானும் அங்கே இருந்தேன். பூசை நேரத்தில் இவர் எப்போதும் ஒதுங்கி நிற்பார். ஞாயிறுதோறும் சபையில் பிரசங்கம் செய்கிறவர் அல்லவா. இன்று ஒதுங்கவில்லை. வீட்டுக்காரம்மாள் கணவனை இழந்தவர் என்பதால், நிலைக்குப் பொட்டு வைக்க விடாமல் அவருடைய நாத்தனார் தடுத்தாள்.

“ஊடு அவங்களுது. அவங்க கை வெக்காம நான் நிலைய நிறுத்த மாட்டேன்” என்று இவர் மஞ்சள் குங்குமத் தட்டை அந்தம்மாளிடம் நீட்டிவிட்டார். அழுதுகொண்டே பொட்டு வைத்தார் அந்தம்மாள்.

சாயங்காலமே சபை மூப்பர் வந்துவிட்டார்.

“இன்னா பிரதர், குங்குமத் தட்டு தூக்கிகினு நின்னியாமே? பூசாரி வேலையும் பாக்குறியா?”

“ஆமாண்ணே, நின்னேன்.”

“அப்போ இந்த ஞாயித்துக்கிழமை நீ பேச வேணாம்.”

“சரிண்ணே. கீழ உக்காந்து கேக்குறேன்.”

இவர் நிம்மதியாகத் தூங்குகிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்தத் தட்டைத் தரையிலிருந்து எடுத்து இவர் கையில் கொடுத்தவள் நான். மூப்பர் முன்னால் நான் வாய் திறக்கவில்லை. இவரும் சொல்லவில்லை.