ஸ்தோத்திரக் காணிக்கை

முக்கூடல்,
10 பிப்ரவரி 2025

அன்புள்ள எப்சிக்கு,

விடுதி வார்டன் கொடுத்தனுப்பிய உன் போன் வந்து சேர்ந்தது. மாமாவின் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி நாம் கடிதத்தில்தான் பேசிக்கொள்ள வேண்டும். நல்லதுதான்.

நர்சிங் பயிற்சியில், நோயாளியின் குளுக்கோஸ் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறியது கூடத் தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாயாம். கேட்டபோது எனக்குத் தலை நிமிரவில்லை. தாய் தகப்பன் போன பிறகு உன்னை அப்படியா வளர்த்தேன்?

போகட்டும். நீ திருந்தியதற்காக ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தேன். குருவானவர் உன் பெயரை வாசித்தார். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் என் கையைப் பிடித்துச் சந்தோஷப்பட்டார்கள்.

இப்படிக்கு,
லில்லி பாக்கியசீலன்

பாளையங்கோட்டை,
3 மார்ச் 2025

அன்புள்ள அத்தைக்கு,

சபையில் சொல்லிவிட்டீர்களே என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. போன் போன பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. அறைத்தோழி பொன்செல்வி தான் போடும் வலி மாத்திரையை எனக்கும் தந்தாள். ஆபரேஷன் நோயாளிகளுக்குக் கொடுப்பது. இப்போது அது இல்லாமல் கை நடுங்குகிறது. ஊசி போடப் போனேன், "ஏ பிள்ள, ஒன் கை இந்த ஆட்டம் ஆடுது. பைய உக்காரு" என்றார் நோயாளியின் மனைவி.

நானே பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டேன். வீட்டிலிருந்து ஒருவர் வந்து கையெழுத்திட்டுச் சிகிச்சைக்குச் சேர்த்தால் படிப்பைத் தொடரலாமாம். வாருங்கள் அத்தை. திட்டுவதானாலும் நேரில் வந்து திட்டுங்கள்.

எப்சி

முக்கூடல்,
7 மார்ச் 2025

எப்சிக்கு,

ஸ்தோத்திரம் ஏறெடுத்த அதே சபையில் நான் இனி எந்த முகத்தோடு உட்காருவது? போதை மருத்துவமனை வாசலில் யாராவது என்னைப் பார்த்தால்?

போனைச் சார்ஜ் போட்டு, ஆட்டோக்கார இசக்கிமுருகனிடம் கொடுத்தனுப்புகிறேன். அது கையில் இருந்தால் மாத்திரை தேவைப்படாது அல்லவா? அத்தைக்கு மூட்டுவலி என்று கல்லூரியில் சொல். ஈஸ்டருக்கு வா, பேசிக்கொள்ளலாம்.

லில்லி பாக்கியசீலன்

முக்கூடல்,
17 மார்ச் 2025

என் எப்சிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. சனிக்கிழமை கல்லூரிக்குப் போனேன். நீ சிகிச்சைக்குச் சேர்ந்துவிட்டதாக அங்கே சொன்னார்கள். மருத்துவமனைக்கு வந்தேன்.

வாசலில் பொன்செல்வியின் அம்மா தூக்குவாளியோடு நின்றாள். களையெடுப்பை விட்டுவிட்டு வந்தவளாம். "ஒரு வாரம் முந்தி வந்திருக்கப்படாதாம்மா? ரெண்டு பிள்ளைக்கும் நான்தான் கைநாட்டு வச்சேன். இந்தப் பிள்ளைக்கு நீ யாருன்னு கேட்டாவ. அம்மைன்னேன்" என்றாள்.

நான் வந்திருப்பதை உள்ளே சொல்லி அனுப்பினேன். நர்ஸ் போனைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். நான் சுற்றிக் கொடுத்த துணிகூடப் பிரிக்கப்படவில்லை. நீ என்னைப் பார்க்க விரும்பவில்லை என்றாள்.

நேற்று ஆராதனையில் வியாதியஸ்தருக்காக ஜெபிக்கும் நேரத்தில் எழுந்து உன் பெயரைச் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். குருவானவர் நிறுத்தி, இன்னும் யாராவது உண்டா என்று கேட்டார். நான் எழுந்திருக்கவில்லை.

வெளியே வரும்போது ஜெசி டீச்சர், எப்சி சுகமா என்று கேட்டாள்.

சுகம் என்றேன்.

அத்தை