நான் நடக்காத நடைக்கு உன் அண்ணன் போட்ட டிக்

அன்பு மகளுக்கு, நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். என் சுகத்தைப் பற்றி உன் அண்ணன் ஃபோனில் சொல்லியிருப்பான், அதில் பாதி பொய், அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன்.

கர்ப்பப்பையில் இருக்கும் புற்றுக் கட்டியை எடுக்கும் ஆபரேஷன் இந்தத் திங்கட்கிழமை நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை. கத்தி வைப்பதற்கு முன்னாலேயே உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்தால்தான் பிறகு சீக்கிரம் எழுந்து நடமாடலாம் என்று டாக்டரம்மா மூன்று வாரம் முன்பே சொன்னார். பிசியோதெரபி பெண் ஓர் அட்டை கொடுத்தாள். தினம் இரண்டு வேளை நடக்க வேண்டும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும், மூன்று பந்து உள்ள குழாயை உறிஞ்சி மூச்சுப் பழக வேண்டும், செய்ததும் டிக் போட வேண்டும். உன் அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? நான் கட்டிலை விட்டுக் காலை இறக்கினாலே "ஐயோ படும்மா, விழுந்து வச்சா யாரு பாக்குறது" என்று ஓடி வருவான், செருப்பை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டான். பந்துக் குழாய் தூசி படியும் என்று பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஆனால் அட்டையில் மட்டும் தினமும் அழகாக டிக். ஆஸ்பத்திரியில் அம்மாவைத் திட்டிவிடுவார்களே என்ற பாசமாம். ஒன்பதாம் வகுப்பில் ரிப்போர்ட் கார்டில் என் கையெழுத்தை அவனே போட்டுக்கொண்டு போனானே, அன்றைக்கு உன் அப்பா கெஞ்சினார் என்று விட்டேன் பார், அது என் தப்பு.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பெண் அட்டையைப் பார்த்துப் பூரித்துப்போய் "சூப்பர் பாட்டி, எங்க, எழுந்து காட்டுங்க" என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள். அரை நிமிடத்தில் நாலு தடவை எழுந்தேன், ஐந்தாவதில் தொடை நடுங்கி அவள் தோளைப் பிடித்தேன். முதல் நாள் எட்டு எழுந்தவள் நான்! "இந்த டிக்கெல்லாம் யாரு போட்டது பாட்டி" என்று கேட்டாள், உன் அண்ணன் சுவரைப் பார்த்தான். டாக்டரம்மா இரண்டு வாரம் தள்ளிவைத்தார், அதற்கு மேல் கட்டி காத்திருக்காது என்றும் சொல்லிவிட்டார்.

அவனை மட்டும் சொல்லி என்ன? நீயும்தான் மூன்று ஞாயிறும் தவறாமல் "ரெஸ்ட் எடும்மா" என்றாய், மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா? உன்னைப் பெற்ற பதினோராம் நாள் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் நான், இப்போது மட்டும் கண்ணாடிப் பாத்திரமாகிவிட்டேனா? செருப்பைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டேன், பேனா என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. மாடிப்படி முதல் பால்கனி வரை நடக்கிறேன். அவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருகிறான், வரட்டும், அவன் தொப்பையாவது குறையும். நேற்று ஏழு எழுந்தேன், ஏழு என்றுதான் எழுதினேன்.

வருகிற வெள்ளி மறுபடி பார்ப்பார்கள். இனி ஃபோன் செய்தால் எப்படி இருக்கிறாய் என்று கேட்டு அழாதே, எத்தனை என்று கேள், குறைத்துச் சொன்னால் திட்டு. பேத்தியை நேரத்துக்குச் சாப்பிட வை, நீயும் சாப்பிடு. எல்லாரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். பயமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்காதே. இருக்கிறது, அதனால்தான் எழுந்து எழுந்து உட்காருகிறேன்.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கோபம் தீராத அம்மா